ஊதினால் சிவக்கும்

“மூச்சு விடாதீங்க.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“தகட்டைக் கீழ வெக்கற வரைக்குங்க.”

மைசூரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்று அனுப்ரியாவுக்கும், ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த சீனியர் உதயகுமாருக்கும் நடந்த முதல் பேச்சு இது. அவள் மூச்சை அடக்கி, முகம் சிவந்து, அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதல் அப்போதே வந்துவிட்டது. பிராணவாயு குறைந்தால் அப்படித்தான் ஆகும் என்று தோழி மீனா பிற்பாடு விளக்கினாள்.

அங்கே அவர்கள் செய்வது நிறம் மாறும் படலங்கள். சாயமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நுண்மணிகளைத் தகட்டில் அடுக்கடுக்காகப் பரப்பினால், அடுக்குகளின் இடைவெளியே நிறத்தைக் காட்டும். ஈரம் பட்டால் படலம் உப்பி, இடைவெளி கூடி, பச்சை சிவப்பாகும். மூச்சின் ஈரமே போதும். ஆனால் காயும்போது மூச்சுப் பட்டால் அடுக்கு கலைந்துவிடும். அதனால் உதயகுமார் காய்ந்த படலத்தின் மீதும் மூச்சு விடமாட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொன்னதும் அனுப்ரியா பதறிப்போனாள். வெகுநாளாக வாய்வரை வந்து திரும்பிய வேண்டுகோளை, எழுத்தைத் தவிர மற்ற இடம் அவ்வளவாக உப்பாதபடி இறுக்கி, படலத்துக்குள் எழுதினாள்: ‘எங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேளுங்க.’ உலர்ந்திருந்தால் வெறும் பச்சை. ஊதினால் எழுத்து மட்டும் சிவக்கும்.

திங்களன்று அதைக் கொடுத்து, சும்மா பாருங்கள் என்றாள். அவன் முகமூடி மாட்டிக்கொண்டு பார்த்தான். இவ்வளவு சீரான பச்சையைக் கண்டதே இல்லை என்று பாராட்டி, ஈரம் உறிஞ்சும் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினான்.

மறுநாள் தேவராஜ மார்க்கெட் பக்கம் வாங்கிய மிளகாய் பஜ்ஜியைத் தின்னக் கொடுத்து, படலத்தை அவன் முன்னால் நீட்டினாள். காரம் தாளாமல் வராந்தாவுக்கு ஓடியவன், எதிரே வந்த பேராசிரியை லீலாவின் மூக்குக் கண்ணாடியில் ‘ஹா’ என்று ஊதினான்.

வெள்ளிக்கிழமை அவனே உற்சாகமாகக் கூப்பிட்டான். தூசி போக உலர்ந்த நைட்ரஜனைப் பீய்ச்சினானாம். மிச்ச ஈரமும் போய் படலம் நீலத்துக்குச் சாய்ந்துவிட்டதாம். கட்டுரையே எழுதலாமாம். அதில் முதல் பெயர் அவளுடையதாம்.

“முகமூடியக் கழட்டிட்டு அதுல ஸ்வல்ப ஊதுங்க உதய்.”

“சாம்பிள் கெட்டுப்போயிருங்க.”

“கெடட்டும். வேற பண்ணிக்கறேன்.”

“இத்தன சீரா மறுபடி வருமாங்க?”

அவன் படலத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். பிள்ளையைப் பறிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். தான் செய்த பிளாஸ்டிக் துண்டின் மேலேயே அனுப்ரியாவுக்குப் பொறாமை பொங்கியது. இதை நம்பினால் ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாருக்கோ காபி கொடுக்க வேண்டியதுதான்.

“நாளன்னைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க,” என்றாள். “அதுக்கு முன்னாடி, நாளைக்கே, உங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்து என்னைப் பொண்ணு கேளுங்க உதய்.”