முத்துமீனா சொன்ன ஐந்து வருடம்

1

இந்தக் கதை ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டில் பிறந்தது. பக்கத்து வீட்டு முத்துமீனா, வக்கீல் கேட்டார் என்று அதைத் தேடி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்காக, என்னன்னு பாருங்கண்ணே." மூக்கில் ரத்தம், ஐந்து வருடமாக, என்று படித்துச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

வில்லாபுரம் பக்கம் ஒரு முலாம் பட்டறையில் அவருக்குப் பதினோரு வருட வேலை. குரோமியத் தொட்டியின் ஆவி மூக்கின் நடுச்சுவரை ஓட்டையாக்கிவிட்டது. நஷ்டஈடு கேட்பதானால் நோய் வந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். அது அவருக்குத் தெரியும்.

2

தொடக்கத்தை ஐந்து முறை எழுதிவிட்டேன்.

ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு காலையில் முத்துமீனாவின் மூக்கு—

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே மனு தள்ளுபடி.)

போன வருடம் புரட்டாசியில், ஒரு காலை—

இதுதான் நிஜம் என்கிறார். "மூணு மணி நேரம் லைன்ல நின்னேண்ணே. மூணு மாசமா வருதுன்னா மாத்திரையைக் குடுத்து அனுப்பிருவாக. அஞ்சு வருசம்னாத்தான் நிமிந்து பாப்பாக."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். எழுதியும் வைத்துவிட்டார்.

3

இந்த இடத்தில் எனக்கே அவர் மேல் சந்தேகம். கெடுவுக்குள் வருவதற்காக இப்போது குறைத்துச் சொல்கிறாரோ? பிறகுதான் உறைத்தது. (ஐந்து முறை எழுதினேன் என்றேனே, இரண்டு முறைதான். இரண்டு என்றால் சோம்பேறி என்பீர்களோ என்று கூட்டிச் சொன்னேன்.)

வக்கீல் பிருந்தா சொன்னார்: "டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்னு ஒத்துக்கங்கக்கா. வேற வழி இல்ல."

"அப்ப இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசமான்னு கேப்பாகளே மேடம்."

பிருந்தா பேனாவை மூடினார். எனக்கு யார் மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

4

கதையின் ஒரு முடிவில், மனுவை விசாரிக்கிற அதிகாரி அவரை நம்புகிறார். இன்னொன்றில் நம்பவில்லை; மறுநாளே முத்துமீனா அதே தொட்டியருகே நிற்கிறார். இரண்டையும் எழுதிப் பார்த்து இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

விசாரணை செவ்வாய்க்கிழமை. "எப்ப இருந்தும்மா?" என்று கேட்கிற அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியமில்லை, நீங்கள் உட்காருங்கள். பதில் சொல்லும்போது அவர் மூக்கில் ஒரு துணியை அழுத்திப் பிடித்திருப்பார். அதை எடுத்துவிட்டுப் பேசச் சொல்லாதீர்கள்.