ஒப்புக்கொடுத்த பிள்ளை

“எனக்கு ஊழிய அழைப்பு இல்லீங்க ஐயா. இவளுக்குத்தான் இருக்கு.”

கோயிலை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி முன்னால் எழுந்து நின்று என் அண்ணன் ஆசீர் இப்படிப் போட்டு உடைத்தபோது நான் டீ டம்ளர் தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தேன். பொன்மலையில் எங்கள் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி உட்கார்ந்தால் பாடகர் குழுப் பெண்கள்தான் டீ கொடுக்க வேண்டும்; அன்று என் முறை. பாவி, முந்தின நாள்தான் அவனிடம் சொல்லியிருந்தேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொல்லியிருந்தேன். அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். முகம் செத்துப் போயிருந்தது.

எங்கள் வீட்டில் ஊழியம் என்றால் அது ஆசீர் சமாசாரம். பிறந்தபோது மூச்சில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தானாம். பிழைக்க வைத்தால் இவனை உமக்கே தந்துவிடுகிறேன் ஆண்டவரே என்று அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பொருத்தனை பண்ணினார். அவன் அழுதான். அன்றிலிருந்து அவன் கர்த்தருடைய சொத்து. ஆயர் படிப்புக்கு இறையியல் கல்லூரிக்கு அனுப்ப எங்கள் சேகரத்திலிருந்து ஆள் கேட்கிறார்கள் என்றதும், அவனை ஒரு வார்த்தை கேட்காமலே அம்மா அவன் பெயரைக் கொடுத்துவிட்டார். அவனோ துவாக்குடியில் ஒரு லேத் பட்டறையில் மெஷினோடு சந்தோஷமாகக் குடும்பம் நடத்துகிறவன். பைபிளைத் திறந்தால் குறட்டை வந்துவிடும்.

“நீ உக்காருப்பா. பெலிண்டா, உள்ள வாம்மா,” என்றார் ஆயர். “அண்ணன் சொல்றது உண்மையா?”

தட்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். நானா பேசினேன் அப்படி!

ரத்தப் பரிசோதனைக்கு வீடு வீடாகப் போய் சாம்பிள் எடுப்பது என் வேலை. ஸ்ரீரங்கம் முழுக்க என் ஏரியா. சித்திரை வீதியில் ஒரு மாமிக்கு ரிசல்ட் நல்லபடியாக வரவில்லை. டாக்டர் அவரிடம் போனிலேயே சொல்லியிருந்தார். மறுபடி ரத்தம் எடுக்கப் போன நான், முடித்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். மாமி என் கையை விடவில்லை. “செத்த நாழி உக்காந்துட்டுப் போறியாம்மா? ஆத்துல யாருமில்லை,” என்றார். உட்கார்ந்தேன். நான் ஒன்றும் பிரசங்கம் பண்ணவில்லை. அவர் பெருமாளோடு சண்டை போட்டார், அழுதார், நடுவில் எனக்கு மோர் கொடுத்தார். அடுத்த சாம்பிள் வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கிறேன், அவ்வளவு சந்தோஷம்! இன்னொருத்தர் துக்கத்திலிருந்து எழுந்து வந்து இப்படி ஒரு சந்தோஷமா என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆண்டவரே, இந்த ஊசியை வாங்கிக்கொண்டு இதையே எனக்கு வேலையாகக் கொடுத்துவிடும் என்று காவிரிப் பாலம் நெடுக வாய்விட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் வந்த பஸ்ஸில் எத்தனை பேர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்களோ.

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். யாரோ “ஸ்தோத்திரம்” என்றார்கள். அப்பா உயிரோடு இல்லை. அம்மா சம்மதித்தால்தான் கமிட்டி என் பெயரை அனுப்பும். ஆயர் அம்மா பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்கம்மா?”

அம்மா எழுந்தார். “இவ போனா, ஆண்டவர் அவன விட்டுருவாராங்க ஐயா?”

அம்மா ஆசீரைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினார்.

“சொன்ன வாக்க மாத்திட்டேன்னு அவன எடுத்துக்கிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்?”

“நான் அவனுக்குப் பதிலா போகலம்மா,” என்றேன். “நானாத்தான் போறேன். எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு.”

அம்மா என்னையே பார்த்தார். “ஒன்ன நான் கேக்கவே இல்லடி. ஒரு ஜெபம்கூடப் பண்ணல, அவராக் குடுத்தாரு. ஒன்னயாவது நானே வச்சுக்கலாம்னு இருந்தேன்.”



“பொருத்தனைய வச்சு ஆண்டவர் யார் கழுத்தையும் நெரிக்க மாட்டாரும்மா,” என்றார் ஆயர். “அவசரமில்ல. அடுத்த ஞாயிறு சொல்லுங்க.”

எனக்கு மதியம் டூட்டி. ஸ்கூட்டர் லேபில் நின்றதால் ஆசீர் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் பைக்கைக் கிளப்பினான். எங்களிடம் ஹெல்மெட் ஒன்றுதான் உண்டு. ஆசீரைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார், அவனுக்கு எதற்கு என்பது அம்மாவின் சட்டம். அதனால் ஓட்டுகிறவன் வெறுந்தலை, பின்னால் உட்காருகிற எனக்கு ஹெல்மெட். மன்னார்புரம் சிக்னலில் எத்தனை தடவை போலீஸ் பிடித்தும் அந்தச் சட்டம் மாறவில்லை. நான் வழக்கம்போல அதைத் தூக்கித் தலையில் வைக்கப் போனேன்.

அம்மா விறுவிறுவென்று வந்தார். என் கையிலிருந்து அதைப் பிடுங்கி ஆசீர் தலையில் கவிழ்த்தார். பட்டையை இழுத்துத் தாடைக்குக் கீழே மாட்டினார்.

“ஐயோ, கழுத்தும்மா!”

“மெதுவாப் போடா. லாரி வரும். பாத்துப் போடா.” அம்மாவின் குரல் நடுங்கியது.

பிறகு என் பக்கம் திரும்பினார். ஷாலைச் சுருட்டிக்கோ, கெட்டியாகப் பிடித்துக்கோ, போனதும் போன் பண்ணு என்று தினமும் உயிரை எடுக்கிற அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. வாயை இறுக மூடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பைக் கிளம்பியது. தலைமுடியெல்லாம் காற்றில் பறக்க நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அம்மா அந்தக் கைகளை அவிழ்க்கவே இல்லை.