ஜன்னல் சீட்

என் வீட்டுக்காரர் ரகுபதி மெக்சிகோ போவதற்கு எல்லாம் தயாராகிவிட்டது, அவருடைய வாயைத் தவிர.

பெட்டி வாங்கியாயிற்று. ஸ்வெட்டர் வாங்கியாயிற்று. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் கசியாமல் கட்டி வைத்தாயிற்று. வல்லம் வடகாலில் அவர் வேலை பார்க்கும் கம்பெனி அங்கே புதிதாக ஒரு பிளாண்ட் கட்டியிருக்கிறது. உற்பத்தி லைன் ஒழுங்காக ஓடத் தொடங்கும்வரை மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்ள இவரையும் கூட வேலை பார்க்கும் மோகனையும் அனுப்புகிறார்கள். இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் உழைத்ததற்குக் கிடைத்த மரியாதை. நான் வேண்டாம் என்று சொல்வேனா?

ஆனால் போன வருடம் மெஷின் மேடையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு படுத்த இடத்திலேயே கிடந்ததில் கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறி, ஆளை ஐசியூவில் போட்டுவிட்டார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். இப்போது அதே டாக்டர் மாத்திரையும் இறுக்கமான காலுறையும் எழுதிக் கொடுத்து, "போலாம். ஆனா பிளேன்ல உக்காந்தே இருக்கக் கூடாது. மணிக்கொரு தடவை எழுந்து நடக்கணும்" என்றார். டிக்கெட்டைப் பார்த்தால் ஜன்னல் சீட். ஓரத்து சீட் ஒன்றுகூடக் காலி இல்லையென்று கம்பெனியில் கைவிரித்துவிட்டார்கள். மோகனுக்கு எங்கேயோ பின்னால் இடம்.

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பக்கத்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிவிட்டு எழுந்து போவார்கள். இவர் எழுப்ப மாட்டார். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் ஆள் தூங்கிவிட்டால், ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்க வேண்டிய மனிதர் சிங்கப்பெருமாள் கோயில்வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்குத் திரும்பி வருவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

"நைட் ஷிப்ட் பாத்துட்டு தூங்கினு கீறான். எப்டி எழுப்பறது?" என்பார்.

"பிளேன்ல குந்திகினு வரவன் நைட் ஷிப்ட் பாத்துட்டா வரான்?"

"இன்னா இருந்தாலும் தூக்கம் தூக்கந்தானே, சசி."

இந்த மனிதரோடு பேசிப் பயனில்லை, பழக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு, எதிரே கட்டிலை இழுத்து அடைத்தேன். உள்பக்கம் அவர், வெளிப்பக்கம் நான்.

"நான் தூங்கற மாரி இருப்பேன். நீ தோளைத் தட்டி எக்ஸ்க்யூஸ் மீன்னு சொல்லணும். அவ்ளோதான்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். நானும் ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனியில் வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட் பார்க்கிறவள். மூடிய கண் அப்படியே போய்விட்டது. விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் கழுத்துக்கு அடியில் ஒரு தலையணை. கட்டிலில் கிடந்ததை எட்டி எடுத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் மனிதர் வீங்கிய காலோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வந்த ஆத்திரத்தில் தலையணையைத் தூக்கி எறிந்தேன். "எழுப்புனா நான் செத்தா பூடுவேன்? எழுப்பலன்னா நீதான்யா செத்துப் பூடுவ!"

பயணம் போகிறவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அவர் காலை நீவிக்கொண்டிருந்தார்.

அடுத்து இசக்கிதுரையைப் பிடித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சிங்கப்பெருமாள் கோயிலில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார், பஸ்ஸில் இவருக்குப் பக்கத்து சீட். தூங்குவதுபோல நடிக்கும்படி போனில் கெஞ்சினேன். மறுநாள் காலை நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே கூப்பிட்டார்.

"யக்கா, நான் கண்ண மூடிட்டு முழிச்சுதான் கெடந்தேன். அண்ணன் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாவளே தவிர எழுப்பல. இப்ப சிங்கப்பெருமாள் கோயில்ல டீ குடிச்சுட்டு நிக்காவ."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

கிளம்பும் நாளன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, சமைத்து, வழிக்குத் தயிர்சாதம் கட்டி வைத்தேன். கம்பெனி காரில் சாமான் போக எனக்கு இடமில்லை. "கார் வந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். இதையும் சொல்லியாக வேண்டும்: கல்யாணமான நாளிலிருந்து, நான் பகலில் தூங்கும்போது அவர் வெளியே கிளம்பியது எனக்குத் தெரிந்ததே இல்லை. பூனை மாதிரி போய்விடுவார்.

ஹாரன் சத்தத்தில் விழிப்பு வந்துவிட்டது. ஆனால் எழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். என்னை எழுப்பினால் இவர் யாரை வேண்டுமானாலும் எழுப்புவார். எழுப்பாமல் போனால், ஓடிப்போய்க் காரை மறித்துப் பெட்டியை இறக்கிவிடுவேன். மெக்சிகோவும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம்.

பெட்டியின் சக்கரம் உருண்டு வந்து கட்டிலருகே நின்றது. போர்வையை இழுத்து என் காலை மூடினார். பிறகு சக்கரம் வாசல் பக்கம் போனது. படியில் இறங்கியது.

"இன்னாண்ணே, அண்ணிகிட்ட சொல்லிட்டியா?" மோகனின் குரல்.

"தூங்குதுப்பா."

கார் டிக்கி சாத்தும் சத்தம் கேட்டது. நான் போர்வையை உதறிவிட்டுக் காலைக் கீழே வைத்தேன். அப்போது கதவு திறந்தது. சட்டென்று படுத்துக் கண்ணை மூடினேன்.

முதலில் தோளில் ஒரு விரல் பட்டது. எடுத்துவிட்டார். பிறகு உள்ளங்கையால் இரண்டு தட்டு, நன்றாகவே தட்டினார்.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றார். "கொஞ்சம் ஏந்திரு சசி. நான் போணும்."

எனக்குத்தான் வாய் வரவில்லை. அழுதுகொண்டே எழுந்து அவருக்கு வழிவிட்டேன்.