ஏழு வேர்முடிச்சுகள்

காராமணி விதைத்து இருபத்தெட்டு நாட்கள். இன்று காலை ஜோசலின் அக்கா செடிகளைப் பிடுங்கித் தந்தாள். நான் குழாயடியில் வேர்களைக் கழுவினேன். மண் கரைந்ததும் முடிச்சுகள் தெரிந்தன, மிளகு மிளகாக.

“சுஜி, பாரேன்! வச்சு ஒட்டின மாதிரி இருக்கு.” ஈரக் கையோடு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மாடம்பாக்கம் ஏரிக்கரை மண்ணிலிருந்து அவள் பிரித்தெடுத்த பாக்டீரியா இரண்டு முறை முடிச்சு போடவில்லை. இந்த முறையும் தவறினால் உதவித்தொகை நின்றுவிடும், ஆய்வும்தான். அதனால் சைட்டோகைனினும் சேர்த்து ஊற்றியிருந்தாள். வேரின் செல்களைப் பெருக வைத்து முடிச்சைத் திரட்டும் ஹார்மோன் அது. பாக்டீரியா நுழைந்தால் செடியே சுரக்கும். நாமே ஊற்றினால், சில சமயம் பாக்டீரியா இல்லாமலும் வேர் வீங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஹார்மோன் மட்டும் ஊற்றிய தொட்டிகள் வைத்திருந்தோம். போன வார மழையில் தாம்பரமே மிதந்தபோது அவை அழுகிவிட்டன.

அக்கா எண்ணி முடித்த முடிச்சுகளை உதிர்த்துக் கவரில் போடுவது என் வேலை. எடை பார்க்க முழுதாக வேண்டும் என்பதால் யாரும் வெட்டுவதில்லை. நான் ஒன்றைப் பிளேடால் நறுக்கினேன். பாக்டீரியா உள்ளே வேலை செய்தால் இளஞ்சிவப்பாக இருக்கும். பிறகு வேறு செடிகளிலிருந்து ஆறு. பிளேடைக் கழுவி வைத்தேன்.

அக்காவின் வழிகாட்டி துரைராஜ் சார் வந்து குனிந்து பார்த்தார். “அட, ஏரி ஜெயிச்சிடுச்சு! பிரியாணி எப்போ?”

“பந்தயத்துல தோத்தவங்கதான் சார் வாங்கித் தரணும்.”

“சரி, தோத்துட்டேன். உதவித்தொகை நீட்டிப்புக்கு இன்னிக்கே எழுதிடறேன்.”

“சார்…” என்றேன்.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“இந்தப் பொண்ணு முழுசா ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதே இல்ல.” சிரித்துக்கொண்டே போனார்.

அக்கா தன் அம்மாவுக்கு போன் செய்து அழுதாள். ஸ்தோத்திரம் என்று ஸ்பீக்கரில் கேட்டது. கவரை எடுத்துக்கொண்டு உலர்த்தும் மின்னடுப்பருகே போனாள். காய்ந்துவிட்டால் எல்லாமே பழுப்புதான்.

கவரை உள்ளே வைக்குமுன் பழக்கப்படி இன்னொரு முறை எண்ணினாள்.

“ஏழு குறையுது. கீழ போட்டியா?”

“வெட்டிப் பாத்தேன்கா.”

அடுப்பின் கதவு திறந்தே இருந்தது. சூடு எங்கள் முகத்தில் அடித்தது.

“சிவப்பாதானே இருந்துச்சு?”

நான் அடுப்பின் கதவைச் சாத்தினேன்.

“சொல்லு சுஜி.”

“வெள்ளை அக்கா. ஏழும் வெள்ளை.”