ஐவாரின் கேடயம்

மாப்பிள்ளை யானையில் வந்தாலும் எனக்கு ஒன்றுதான், ஹெலிகொப்டரில் வந்தாலும் ஒன்றுதான். ரொறன்ரோவில் மணவறை அலங்காரம் செய்து பிழைக்கிறவள் நான். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். அதாவது, மூடிக்கொண்டிருக்க முயற்சி செய்வேன்.

மாப்பிள்ளை ஜதுர்சன் தான் ஏறி வரக் கேட்டது ஒரு கேடயம். எலும்பில்லாத ஐவார் என்று, வைக்கிங் என்ற அந்தக் காலக் கடல்கொள்ளைக்காரருக்கு ஒரு தளபதி இருந்தானாம். பாதி வரலாறு, பாதி கட்டுக்கதை. கால் வழங்காதவன் என்பதால் அவனுடைய ஆட்கள் கேடயத்தில் இருத்தித் தோளில் சுமந்து திரிந்தார்களாம். அப்படி இருந்தபடியே போய் இங்கிலாந்தில் யோர்க் நகரத்தைப் பிடித்தானாம். அவ்வளவு தூரம் கடல் தாண்டி வர அவனுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அவனுடைய தகப்பனை அங்கத்தைய அரசன் ஒருவன் பாம்புக் கிடங்கில் போட்டுக் கொன்றுவிட்டானாம்.

"அப்பாவுக்காக அன்ரி, ஒரு முழு ஆமியோட வந்தவன்," என்றான். ஊரில் இராணுவத்துக்குப் பயந்து ஓடினவள் நான், ஆமி என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். இங்கே பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்லும்போது கண் மின்னியது.

செய்து கொடுத்தேன். வைக்கிங் கேடயம் வட்டமாம். வட்டமாகச் செய்தால் வாசலால் போகாது என்று நீட்டிச் செய்தது என்னுடைய கெட்டித்தனம். தூக்க வசதியாக நான்கு மூலையிலும் கைபிடி வைத்ததும் நான்தான்.

கல்யாணம் அஜின்கோர்ட்டில், ஒரு மண்டபத்தின் மேல்மாடியில். காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் மாமாங்கம் அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து கால் வழங்காமல் போனது, சக்கர நாற்காலிதான். மட்டக்களப்பிலிருந்து வந்து, பெண்சாதி செத்த பிறகு தனி ஆளாக இவனை வளர்த்தெடுத்தவர். மகன் தாலி கட்டுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டதாம், லிஃப்ட் திருத்த ஆள் வரவில்லையாம். கீழேயே இருத்தி ஐபாட்டில் லைவ் போட்டுக் கொடுத்தார்கள். பட்டு வேட்டி, சால்வையோடு அந்த மனுசன் கோட்டுகள் தொங்கிய மூலையில் இருந்தார். அவருக்கு முன்னாலேயே மகனைக் கேடயத்தில் ஏற்றி, நான்கு பெடியன்கள் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

மேலே மண்டப வாசல் நிலை பதிவு, உயரம் காணாது. தலை இடிக்கும் என்று தோழன் றொய்சன் கத்த, மாப்பிள்ளை சட்டென்று மல்லாந்து படுத்துவிட்டான். தவில் முழங்க, கால் முன்னால் வர, நான்கு பேர் தோளில் நீட்டி நிமிர்ந்தபடி உள்ளே நுழைந்தான். ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் தாய் கமலாம்பிகை தட்டைப் பின்னுக்கு இழுத்தார்.

"உதென்ன கண்றாவி? பாடையிலயோ மாப்பிள்ளையைக் கொண்டுவாறியள்?"

தவில் நின்றது. அந்த நேரம்தான் என் கைவேலையை நானே சரியாகப் பார்த்தேன். நீளப் பலகை, நான்கு மூலை, நான்கு ஆள். கடவுளே என்று நெஞ்சில் கைவைத்தேன். திரும்பக் கீழே போய், கால் கழுவி, மனுசர் மாதிரி நடந்து வரட்டும் என்று கமலாம்பிகை கட்டளை போட்டார். மாப்பிள்ளையும் கேடயமும் கீழே இறங்கின. நானும் பின்னால் போனேன்.

மாமாங்கம் அண்ணையின் மடியில் ஐபாட் படம் அசையாமல் நின்றுபோய்க் கிடந்தது. திரையில் மகன் படுத்திருந்த படம். அவர் கேடயத்தை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"அந்த ஐவாரைக் கால் ஏலாதெண்டுதானே தூக்கினவங்கள்?"

"ஓம் அப்பா."

"உனக்குக் காலுக்கு ஒண்டும் இல்லையே, மனே."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்ட மாதிரித்தான் இருந்தது. ஜதுர்சனின் முகம் செத்துப்போயிற்று. குனிந்து தகப்பனைத் தூக்கிக் கேடயத்தில் இருத்தினான். முன்பக்கக் கைபிடி ஒன்றைத் தானே பிடித்தான், மற்ற மூன்றையும் பெடியன்கள் பிடிக்க மாடிக்கு ஏறினார்கள். வாசலில் அண்ணை தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். கமலாம்பிகை ஒரு கணம் விழித்துவிட்டு, தட்டைத் தூக்கி அவருக்கே ஆரத்தி சுற்றினார். மகன் தாலி கட்ட, தகப்பன் மணவறைக்குப் பக்கத்தில் இருந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் பெடியனைப் புகழ்ந்து முடித்திருப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து விட்பியில் புது வீடு குடிபுகுந்தார்கள். அலங்காரம் என்னுடையதுதான். வரவேற்பறைச் சுவரில் கேடயத்தை மாட்டி, அதற்கென்று தனி லைற்றும் போட்டிருந்தான். வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். ஜதுர்சன் எல்லாருக்கும் ஐவாரின் கதையையும், அப்பாவைத் தான் தூக்கிய கதையையும் சொல்லிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் சொன்னான். ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார்.

அப்பா எங்கே என்று கேட்டேன்.

"கீழ பேஸ்மென்ற்ல அன்ரி. அவருக்கு ஸ்ரெப்ஸ் கஷ்டம்தானே. சாப்பாடு அனுப்பியாச்சு."

சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தேன். கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்து கேடயத்தைக் கழற்றினேன். பெயின்ற் உரிந்துவிடும் என்று ஜதுர்சன் பதறிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவனின் கையில் முன்பக்கக் கைபிடியைத் திணித்தேன்.

"றொய்சன், இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பேஸ்மென்ற்றுக்கு வா. நாலாவது ஆள் இவன்."