இடைஞ்சல் இல்லை

தென்காசி பேருந்து நிலையத்தில் காலை எட்டு மணிக்கே இரைச்சல் காதைப் பிளந்தது. பேருந்துகளின் ஹாரனையும் மிஞ்சி, தூண்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் மாறி மாறி அலறின.

அந்த இரைச்சலை அளக்கத்தான் விஜயசங்கர் வந்திருந்தான். ராயகிரிக்காரன்; நகராட்சிக்காக ஆய்வு நடத்தும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. சத்தத்தின் அளவைக் கருவி பதிவு செய்துகொள்ளும். அதோடு இருநூறு பயணிகளிடம் கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். ‘இடைஞ்சல் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தால் வேலை முடிந்தது. ‘இடைஞ்சல் உண்டு’ என்றால், என்ன இடைஞ்சல் என்று நாலு வரி எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் காலை குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் காத்திருந்த நண்பர்கள் மூன்று முறை போன் செய்துவிட்டார்கள்.

தொண்ணூறாவது ஆளாக, அவன் கடைசியாகக் கேட்டது முத்துச்செல்வியிடம். முப்பது வயது இருக்கும். கையில் வெள்ளைக் கோல். கீழப்பாவூரிலிருந்து வந்து, இங்கே பஸ் மாறி, இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள்.

“இப்பமாவது ஒருத்தர் கேக்க வந்தியளே சார்! எனக்குக் காதுதான் எல்லாம். எந்த பஸ் வருது, எங்கன நிக்குது, பின்னால எடுக்குதானா, எல்லாம் சத்தத்த வச்சுதான் தெரியும். இந்த ஸ்பீக்கர் குழாயப் போட்டுட்டா கண்டக்டர் விசிலு கூட கேக்க மாட்டேங்கு. இலஞ்சி பஸ் நிக்க இடத்துல இருக்கத மட்டும் கழட்டுனாப் போதும். எழுதிக்கிடுங்க.”

அவள் பத்து நிமிடம் விவரமாகச் சொன்னாள். அவன் “ம், ம்” என்றபடி ஒரே ஒரு டிக் அடித்தான். இடைஞ்சல் இல்லை. பிறகு அவள் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான். அவள் நிதானமாகப் பெயரை எழுதி, “ரொம்ப நன்றி சார்” என்றாள்.

மீதி நூற்றுப் பத்துப் படிவங்களை அருவிக்கரை டீக்கடையில் உட்கார்ந்து அவனே நிரப்பினான். வாயில் வந்த பெயர்களை எழுதி, இடது கையால் கையெழுத்தும் போட்டான்.

கருவி காட்டிய அளவு அதிகம்தான். ஆனால் பெரும்பாலான பயணிகளுக்கு இடைஞ்சல் இல்லை என்று அறிக்கை சொன்னது. அதைக் காட்டி விளம்பரக்காரர்கள் மேலும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வாங்கினார்கள்.

புரட்டாசியில் வேறு வேலையாகத் தென்காசிக்கு வந்தபோது, நிலைய பெஞ்சில் முத்துச்செல்வியைப் பார்த்தான். வலது கையில் மாவுக்கட்டு.

“என்னங்க ஆச்சு?” என்று கேட்டுவிட்டான்.

“சர்வே சாரா?” குரலை வைத்தே கண்டுகொண்டாள். “பஸ்ஸு பின்னால வந்தது கேக்கல சார். கண்டக்டரு விசிலு அடிச்சாராம். கீழ தள்ளிவிட்டுட்டுது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் ஒழுங்காச் சொல்லலையோ? குழாயக் கழட்டுவாவன்னு பாத்தா, கூட ரெண்டு மாட்டிட்டாவ. நமக்கு வெளங்கும்படியாச் சொல்லத் தெரியலையேன்னு தெனமும் மருகுதேன்.”

விஜயசங்கருக்கு முகம் எரிந்தது. அந்த முகம் அவளுக்குத் தெரியாது என்பதில் ஒரு கணம் ஆறுதல் பிறந்தது. அப்படி ஆறுதல்பட்டதை நினைத்ததும் உடம்பே கூசியது.

“நீங்க சரியாத்தான் சொன்னிய. நான்தான் எழுதல. அருவிக்குப் போற அவசரத்துல, இடைஞ்சல் இல்லைன்னு டிக் போட்டு உங்க கையெழுத்த வாங்கிட்டேன்.”

அவள் இடது கையால் கோலைத் தேடி எடுத்தாள்.

“எம் பேர்லயா?” என்று மட்டும் கேட்டாள். கோலை ஊன்றி எழுந்து நடந்துவிட்டாள்.

அந்தக் கேள்வி அவனைத் தூங்கவிடவில்லை. மறுநாளே, படிவங்களில் பாதிக்கு மேற்பட்டவை தானே எழுதிய பொய் என்று, அறிக்கை வாங்கிய நகராட்சி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தான்.

“யாருலே உன்னக் கேட்டா? வேல போயிரும்லா!” என்று மேலாளர் குமரகுரு போனில் கத்தினார். வேலை போயிற்று. வேறு ஆட்களை வைத்து மறுபடி ஆய்வு நடந்தது. மார்கழிக்குள் ஒலிபெருக்கிகள் இறங்கின.

விஜயசங்கர் முத்துச்செல்வியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டான்.

“மன்னிக்கது இருக்கட்டும் சார்,” என்றாள் அவள். “சத்தத்த அளக்க மிஷின் போதும். அதுல மனுசன் படுத பாடு மிஷினுக்குத் தெரியாதுன்னுதான் எங்ககிட்ட கேக்கச் சொல்லுதாவ. கேக்க வந்தவரு பொய் எழுதினா, அது எங்க வாயப் பொத்துத மாதிரி. இனி எந்த வேலைக்குப் போனாலும், ஒருத்தரு கஷ்டத்தச் சொன்னா, சொன்னத அப்படியே எழுதுங்க.”