சுவருக்குள் ஜாயின்ட்

டிரேசரின் முனை அப்பாவின் தலைக்கு ஒரு முழம் மேலே போனதும் சத்தம் நின்றுவிட்டது. ஷதா கையைப் பின்னுக்கு இழுத்தாள். கீ, கீ என்றது. முன்னுக்கு நகர்த்தினாள், பேச்சில்லை.

கீழே கட்டிலில் அப்பா கிடந்தார். விடியற்காலை நாலரைக்குப் போனவர். பக்கத்தில் துணி சுற்றிய ஐஸ் பாளங்கள் பாதியாகக் கரைந்து, தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ராவில் ஜூலை மாதத்துக் காலை பத்தரை மணி. அண்ணன் மைதம் பாக்தாதிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தான். வந்து சேர மதியம் இரண்டு மணியாவது ஆகும். மகன் முகம் பார்க்காமல் எடுக்கவும் விட மாட்டேன், ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியில் வைக்கவும் விட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். தெருவுக்குக் கரண்ட் விற்கிற ஜெனரேட்டர்காரன்கூட, "அபு மைதம் போன அன்னிக்கு நிறுத்தினா நான் மனுஷனா?" என்று அப்பா மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனான். வீட்டில் எல்லா இடத்திலும் கரண்ட் இருந்தது. இந்த அறையின் ஏசிக்கு மட்டும் இல்லை. வீட்டில் இருந்ததே அந்த ஒரு ஏசிதான்.

காலையில் மாமா ஹாஜி ஸப்ரி தன் கடையிலிருந்தே ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுவந்தார். "அசல் ஜெர்மன். யானையைக் கட்டி இழுக்கலாம்" என்றார். யானை தேவைப்படவில்லை, ஏசியைப் போட்ட இருபதாவது நிமிடம் ஜெர்மனி உருகி, அறையெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம். வெள்ளிக்கிழமையாதலால் மற்ற கடைகள் பூட்டியிருந்தன.

ஷதா பெண்கள் தொழிற்பள்ளியில் மின் பாடம் நடத்துகிறவள். டிரேசர் அங்கிருந்து வந்தது. இரண்டு துண்டுக் கருவி. பெரிய துண்டை மெயின் பெட்டியில் செத்த வயரின் நுனியில் கவ்வ வைத்தால், அது வயருக்குள் ஒரு முனகலை அனுப்பும். கையிலிருக்கும் துண்டு சுவருக்கு வெளியிலிருந்தே அதைக் கேட்டுக் கத்தும். முனகல் எங்கே நிற்கிறதோ அங்கே வயர் அறுந்திருக்கிறது.

"நின்னுடுச்சா?" என்றார் மாமா.

"ஆமா மாமா. இங்கதான்."

"எலி கடிச்சிருக்கும்."

"சிமெண்டுக்குள்ள எலி எப்படிப் போகும்?"

"பஸ்ரா எலியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

மாமா மின்சாமான் வியாபாரிகள் சங்கத்தின் துணைத் தலைவர். துக்க வீட்டுக்கும் கஞ்சி போட்ட வெள்ளை அங்கியில்தான் வந்திருந்தார். தெருக் கூடாரத்தில் காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் மைக்கைப் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாப்பது வருஷத்துல சுவத்துக்குள்ள ஒரு ஜாயின்ட் போட்டதில்ல எங்க மச்சான்!" அது அப்பாவின் சட்டம். வயரை வயரோடு சேர்த்தால் அந்த இடம் கண்ணுக்குத் தெரிய ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். பூச்சுக்குள் புதைத்துவிட்டுப் போன கூட்டாளி ஒருவனை, வேலை நடந்த வீட்டு வாசலிலேயே கணக்குத் தீர்த்து அனுப்பியவர் அப்பா, ஊருக்கு உஸ்தா பாலிஹ். பஸ்ராவின் எலக்ட்ரீஷியன்களில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். அந்தப் பாதிப் பேரும் இப்போது கூடாரத்தில் கசப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷதா உளியை எடுத்தாள்.

"சுவத்துக் காரை அவர் மேல விழும்" என்றாள் அம்மா. அதுவரை கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து ஒரு போர்வையை விரித்தாள். "ஸப்ரி, அந்தப் பக்கம் புடி."

துணைத் தலைவர் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரை போர்வையிலும் அவருடைய அங்கியிலுமாக விழுந்தது. நாலு தட்டில் பூச்சு பெயர்ந்தது. உள்ளே வயர் கருகி, வாய் பிளந்து கிடந்தது.

ஒரு ஜாயின்ட்.

ஷதா பக்கத்தில் இன்னும் கொஞ்சம் கொத்தினாள். சாண் தூரத்தில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. சிவப்பு வயர், அதன் வாலில் நீலம், நீலத்தின் வாலில் ராணுவப் பச்சை. டேப்பின் கடைசி நுனி எல்லாவற்றிலும் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற கை ஊரில் ஒன்றுதான்.

"வேற எவனோ செஞ்ச வேலை" என்றார் மாமா.

"இல்ல மாமா. அப்பா கைதான்."

மாமா கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மூடிடு ஷதா. சிமெண்டப் பூசிடு. ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிடலாம். வெளிய தொழில்காரனுங்க அத்தன பேரும் உக்காந்திருக்கானுங்க. ஒருத்தன் எட்டிப் பாத்தா, இன்னிக்கே மனுஷனோட மானம் போயிடும்."

ஷதாவுக்குக் கோபம் மாமாவின் மேல் வரவில்லை. எந்த வீட்டுச் சுவரைத் தட்டினாலும் 'உள்ள எவன் என்ன பொய்ய வச்சிருக்கானோ' என்று சொன்ன அப்பா, முப்பது வருடம் இந்தச் சுவருக்குக் கீழேதான் தூங்கியிருக்கிறார். பூசிவிட்டால் அண்ணன் ஐஸ் பெட்டியில் முகம் பார்ப்பான். பூசாவிட்டால் ஊர் சுவரைப் பார்க்கும்.

"மூணுதான் தெரியுதா?" என்றாள் அம்மா. "பதினொண்ணு இருக்கு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஊருக்கு எந்தச் சாமானும் வராத பொருளாதாரத் தடை வருஷம். கடையில பல்புகூடக் கிடையாது. நீ வயித்துல. ஃபேன் இல்லாம தூங்க முடியலன்னு நான் அழுதேன். அறையில வயர் இல்ல, இருந்தத அதுக்கு முன்னாடியே பிரசவ ஆஸ்பத்திரி ரிப்பேருக்கு உருவிக் கொடுத்துட்டார். வேலைக்குப் போற வீட்ல வெட்டிப் போட்ட துண்டெல்லாம் ஜோபியில போட்டுக்கிட்டு வருவார். ஒரு நாளைக்கு ஒரு முழம். நான் விளக்கு புடிச்சேன். ஒவ்வொண்ணு போடறப்பவும் எவனையோ திட்டிக்கிட்டே போட்டார்."

"யார?"

"தன்னையேதான்."

"அப்புறமாவது மாத்தியிருக்கலாமேம்மா. ஏசி மாட்டறப்ப?"

"உளியோட வந்து நின்னார். நான்தான் விடல."

"ஏன்?"

அம்மா போர்வையில் கிடந்த காரைத் துண்டுகளை ஓரமாக ஒதுக்கினாள்.

"வெளிய மட்டும் யாரும் வாயத் திறக்கக் கூடாது" என்றார் மாமா.

"நீயே சொல்லு ஸப்ரி. மைக்குல சொல்லு. பதினொண்ணுன்னு சொல்லு. கொறச்சுச் சொல்லாத."

மாமா அங்கியைத் தட்டிக்கொண்டார், சாம்பல் நிறம் போகவில்லை.

ஷதா கருகிய இடத்தை வெட்டி எடுத்தாள். ஒரு சாண் குறைந்தது. தன் பெட்டியிலிருந்து அந்த ஒரு சாணை எடுத்து வைத்து இரண்டு பக்கமும் சேர்த்தாள். பதினொன்றில் ஒன்று போய் இரண்டு வந்தன. டேப்பின் நுனியை உள்பக்கமாக மடித்தாள். ஓட்டையை மூடவில்லை. மெயின் பெட்டிக்குப் போய்க் கவ்வியை எடுத்து, வயரைப் பழையபடி மாட்டிவிட்டு விசையைத் தூக்கினாள்.

ஏசி ஒரு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. பக்கத்து அறையில் ஓதிக்கொண்டிருந்த பெண்களின் குரல் ஒரு கணம் தடுமாறி மறுபடி சேர்ந்துகொண்டது. மைதம் போன் செய்தான். வழியில் அமாரா ஊரைத் தாண்டிவிட்டானாம்.

குளிர்ந்த காற்று நேராகக் கட்டிலின் மேல் இறங்கியது. அப்பாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி லேசாக அசைந்தது.

அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்து மெல்ல ஏறினாள். ஏசியின் மடல்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி, காற்றை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"ஐயோ, என்ன பண்ற? அதுக்குத்தானே இவ்வளவு..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நேரா பட்டா அவருக்குக் கழுத்து புடிச்சுக்கும்" என்றாள் அம்மா.

ஷதா மாமாவின் கையைத் தொட்டாள். அம்மா இறங்கும்வரை அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.